‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் போதாது

இருமலும் காய்ச்சலுமாக இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகிறோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் வருகிறார். “சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் வயிற்றையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறார். நமக்கோ பொறுமை போகிறது. அவர் சும்மா நிற்கவில்லை. மூச்சை எண்ணுகிறார்.

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதற்குமேல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. மூச்சு இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. இருமலோடு அது சேர்ந்து வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அழுகிற பிள்ளையிடம் இதை எண்ண முடியாது. அதனால்தான் “முதல்ல அமர்த்துங்க, பிறகு பாக்கேன்” என்கிறார்.

வயிற்றுப்போக்கு என்றால் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் இலேசாகக் கிள்ளி விடுவார். தோல் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பாமல் மெதுவாகப் போனால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். “கண்ணு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?” என்றும் கேட்பார். அந்தக் கண்ணை நேற்றும் பார்த்தவர் அம்மாதானே. அந்தப் பதிலும் சோதனையில் ஒரு பகுதி.

பார்த்து முடித்தபின் சொல்லிக்கொடுப்பது வருகிறது. அதை மருந்துக்குப் பின்னால் வரும் உபசார வார்த்தை என்று நினைக்கிறோம். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தில் பங்காவ் ஊரில் குவிந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தை மருத்துவரான திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க முடிவு செய்தார். கோப்பையை எடுத்துப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளியின் வீட்டார்தான். எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே வந்தது.

இன்று அந்தக் கலவை ஓஆர்எஸ் பாக்கெட்டாக நம் கைக்கு வருகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுவதும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். தம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போட்டால் அளவு தவறிவிடும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். வயிற்றுப்போக்கு மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாள்தான். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. ‘வயிறு கொஞ்சம் காயட்டும்’ என்று பட்டினி போடும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. யாயிரின் மகளை எழுப்பிய கையோடு, அவளுக்கு உணவு கொடுக்கச் சொன்னார் ஆண்டவர். அந்த வரியை நாம் வேகமாக வாசித்துவிடுகிறோம்.

நல்ல நர்ஸ் “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டு நிறுத்துவதில்லை. அதற்கு எல்லாருமே தலையாட்டுவோம். “வீட்டுக்குப் போய் எப்படிக் கலக்குவீங்க, சொல்லுங்க பாப்போம்” என்பார். இதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டு வருத்தப்பட வேண்டாம். இன்னொன்றும் கேட்பார்: “பகல்ல பிள்ளைய யாரு பாக்கது?” நம் ஆரல்வாய்மொழியில் அம்மா செங்கல் சூளைக்குப் போனால் பிள்ளை பாட்டியிடம். அப்படியானால் பாட்டியும் ஆஸ்பத்திரிக்கு வரட்டும்.

மருந்து அளவில் ஓர் எச்சரிக்கை. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. ஒரே பெயர், ஒரே இனிப்பு. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாட்டிலை மாற்றித் தந்தால், ‘இதுல எத்தனை மில்லி?’ என்று மறுபடி கேளுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள்.

குழந்தை பால் குடிக்க முடியாமல் போனால், எது கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கூப்பிட்டும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். நடுச்சாமமானாலும் 108-ஐ அழையுங்கள்.