மடியில் கனமும் வழியில் பயமும்: ஊன்றுகோலுடனும் சக்கர நாற்காலியுடனும் பிரயாணம் செய்வோர் கவனத்திற்கு

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பது நம் நாட்டுப் பழமொழி. கால்நடையாக வழி நடந்த காலத்தில் பிறந்த இம்மொழி, ரயிலிலும் மெட்ரோவிலும் விமானத்திலும் செல்லும் இன்றைய பிரயாணிக்கும் பொருந்துவதே. ஆயினும் அது எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. கூட்ட நெரிசலில் செல்லும் ஒருவர், தம் பையின் மீது ஒரு கையை வைத்தபடியே நடந்துவிடலாம். அக்குள் கட்டைகளை ஊன்றி நடப்பவருக்கு இவ்வசதி இல்லை. சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்பவருக்கும் இல்லை. அவர்களுடைய கைகள் நடக்கும் தொழிலில் ஈடுபட்டிருக்கின்றன.

இத்தகையோர் வீட்டிலேயே இருந்துவிடுவதும் இயலாது. ஹைதராபாத் நகரின் பஞ்சகுட்டாப் பகுதியில் உள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1960களில் எலும்பு மருத்துவமனையாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் பல துறைகளுடன் வளர்ந்த இந்நிலையத்தை நாடி, நெடுந்தொலைவிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். அவர்களிடம் சிகிச்சைக்கான பணம், மருத்துவப் பதிவேடுகள், எக்ஸ்-ரே படங்கள், அடையாள அட்டைகள், கைத்தொலைபேசி ஆகியவை இருக்கும். பணப்பை போனால் பணம் மட்டும் போவதில்லை. பல மாதங்கள் காத்திருந்து பெற்ற சிகிச்சை நாளும் உடன் போய்விடக்கூடும். ஆகவே, உடைமைகளை எங்கே, எவ்வாறு வைத்துக்கொள்வது என்பது ஆராயத்தக்க பொருளாகும். இதில் திருடனைப் பற்றிய அறிவைக் காட்டிலும், உடலின் சமநிலையைப் பற்றிய அறிவே பெரிதும் பயன்படும்.

கட்டைகளுடன் நடப்பதன் இயல்பு

இரு அக்குள் கட்டைகளுடன் விரைந்து நடப்பவரைக் கவனியுங்கள். முதலில் கட்டைகள் இரண்டும் ஒருசேர முன்னே ஊன்றப்படுகின்றன. பின்னர் உடல் முழுவதும் அவற்றினிடையே ஊசல் போல் முன்னோக்கி வீசப்படுகிறது. அந்த ஒரு கணத்தில் உடலின் எடை முழுவதையும் இரண்டு ரப்பர் முனைகளே தாங்குகின்றன. அப்போது ஒரு கையை எடுப்பது வீழ்ச்சிக்கு வழியாகும். முன்னும் பின்னும் தாங்குவதற்கு வேறு ஆதாரம் இல்லாமையால், சிறிய இழுப்பும் ஆளைச் சாய்த்துவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நீண்ட வாரில் தொங்கும் பை கூடாது. அது உடலின் ஊசலோடு தானும் ஒரு தனி ஊசலாக ஆடி, நடையைக் குலைக்கும். இரண்டாவது, அறுபடாத கனத்த வாரினால் பையை உடலோடு பிணைத்துக்கொள்வது நன்மை செய்யாது. பறிப்பவன் பையை இழுத்தால் பையோடு ஆளும் இழுபடுவார். பணத்தை இழப்பதைவிட இடுப்பெலும்பு முறிவது பெருங்கேடு. எனவே விலைமதிப்புள்ளவை சிறியனவாக, ஆடைக்குள், மார்பை ஒட்டியோ வயிற்றை ஒட்டியோ இருத்தல் வேண்டும். வெளியே தெரியும் பையில் துண்டு, தண்ணீர், பழம் போன்றவை மட்டுமே இருக்கட்டும். யாரேனும் அதைப் பறித்தால் விட்டுவிடுதல் எளிது.

எடை குறைவதன் பெருமை

உடலில் தாங்கும் எடையைக் குறைப்பதன் அருமையை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று ஹைதராபாத்திலேயே நடந்தது. 1989 மே மாதத்தில் முதன்முறையாக ஏவப்பட்ட அக்னி ஏவுகணைக்கென, அந்நகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் மிக இலேசான கூட்டுப்பொருள் ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. நிஜாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து வியந்து, அப்துல் கலாம் அவர்களைத் தமது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலிப்பர்களை இழுத்துக்கொண்டு நடப்பதைக் கலாம் கண்டார். மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையுள்ள காலிப்பர்கள் செய்யப்பட்டுக் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டன. தம் வாழ்வில் பேரின்பம் அளித்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதைக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் எடுத்துரைத்தார்.

ஏவுகணை விஞ்ஞானிகள் பாடுபட்டு மூன்று கிலோவைக் குறைத்துக் கொடுத்திருக்க, நாம் ஐந்து கிலோ பை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொள்வோமாயின் அப்பயன் வீணாகும். ஆதலால் பிரயாணத்திற்கு முன் செய்ய வேண்டிய முதற்காரியம் கழித்தலே. நகைகளை வீட்டில் வைத்துவிடுக. ரொக்கத்தை வழிச்செலவுக்கு வேண்டிய அளவில் மட்டும் கொண்டு, எஞ்சியதை வங்கிக் கணக்கில் விடுக. மருத்துவப் பதிவேடுகளையும் அடையாள அட்டைகளையும் படமெடுத்துத் தொலைபேசியிலும், வீட்டிலுள்ளோர் ஒருவரிடத்தும் சேமித்து வைக்க. சலுகைக் கட்டணத்தில் ரயிலேறுவோர் அதற்குரிய அடையாள அட்டையை வழியில் காட்ட வேண்டியிருக்குமாதலால், அதனைப் பணத்தோடு சேர்க்காமல் தனியே வைத்துக்கொள்ளுதல் நலம்.

சக்கர நாற்காலியின் சமநிலை

சக்கர நாற்காலியின் பின்புறக் கைப்பிடிகளில் பையை மாட்டுவது எங்கும் காணப்படும் பழக்கம். அது கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடம் என்பது வெளிப்படை. அதனினும் பெரிய தீங்கு ஒன்று அதில் மறைந்திருப்பதைச் சிறு கணக்கினால் காணலாம்.

அமர்ந்தவரும் நாற்காலியும் சேர்ந்து 85 கிலோ எனக் கொள்வோம். இவற்றின் பொதுவான புவியீர்ப்பு மையம் பின்சக்கர அச்சுக்கு 15 செ.மீ. முன்பாகவும், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் இருக்கட்டும். சமதரையில் நாற்காலி பின்னே கவிழாமல் காக்கும் திருப்புத்திறன் 85 × 15, அதாவது 1,275 அலகுகள். அரசாங்க வழிகாட்டி நெறிகள் கூறும் சாய்தளம் 12 அடி நீளத்திற்கு 1 அடி உயர்வது. அதில் ஏறும்போது மையம் 5 செ.மீ. பின்னே நகர்கிறது. காக்கும் திறன் 850 ஆகக் குறைகிறது. கைப்பிடியில் 8 கிலோ பை தொங்கினால் மேலும் ஏறத்தாழ 200 அலகுகள் போகும். ஆக, எஞ்சுவது சமதரையில் இருந்ததில் பாதி. பழைய கட்டடங்களில் காணப்படும் 8 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தான சரிவில் எஞ்சுவது மூன்றில் ஒரு பங்கே. அந்நிலையில் சக்கரத்தை ஓங்கித் தள்ளினால் நாற்காலி மல்லாந்துவிடக்கூடும்.

அதே பையை இருக்கையின் அடியில், அச்சுக்கு முன்பாக, சட்டத்தோடு கட்டிவிட்டால் சமநிலை குறையாது. திருடனும் குனிந்துதான் எடுக்க வேண்டும். தொலைபேசி முதலிய சிறு பொருள்களைத் தொடைக்கும் பக்கப் பலகைக்கும் இடையே, நாற்காலியோடு கட்டிய சிறு பையில் வைக்கலாம். பணப்பையின் மீது உட்கார்ந்துவிட்டால் பயமில்லை என்று எண்ணுவோரும் உண்டு. முதுகுத்தண்டு பாதிப்பினால் உணர்ச்சி குன்றியவர்களுக்கு இது பேராபத்து. கடினமான பொருள் ஓரிடத்திலேயே அழுத்த, அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டு, வலி தெரியாமலே படுக்கைப்புண் உண்டாகும். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் புண்ணைப் பெற்றுப் பணத்தைக் காப்பதில் பொருளில்லை.

கட்டையின் குழாயில் துளையிட்டு அதற்குள் பணத்தை மறைத்து வைப்பதும் தகாது. தகட்டில் இழுவிசை செல்லும்போது, சிறு வட்டத் துளையின் விளிம்பில் தகைவு ஏறத்தாழ மும்மடங்காகிறது என்பது பொறியியலில் தெளிந்த உண்மை. மெல்லிய அலுமினியக் குழாயிலும் துளையிட்ட இடமே முதலில் விரிசல் காணும். இலேசான காலிப்பருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

உடைமையைப் பிரியும் நேரங்கள்

செகந்திராபாத் நிலையத்தில் இறங்கி மெட்ரோவில் பஞ்சகுட்டா செல்லும் ஒருவரைப் பின்தொடர்வோம். உடைமை தொலையத்தக்க இடங்கள், அது தம்மை விட்டுப் பிரியும் இடங்களே என்பது அப்போது விளங்கும்.

முதலாவது, ரயிலின் இரவு. கழற்றிய காலிப்பரும் கட்டைகளும் கைக்கு எட்டும்படி, சுவரோரமாக இருத்தல் வேண்டும். மடித்த நாற்காலியையும் பெட்டியையும் கீழ்ப் படுக்கையின் அடியிலுள்ள கம்பி வளையத்தோடு சங்கிலியிட்டுப் பூட்டலாம். இரண்டாவது, இறங்கும் நேரம். பிறர் தூக்கி இறக்கும்போது நாற்காலி ஒருபுறமும் ஆள் ஒருபுறமும் பை ஒருபுறமும் ஆகின்றன. உதவ வருவோரில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்களே; ஆயினும் உதவியை நாமே ஒழுங்குபடுத்துதல் நலம். “ஐயா, நீங்கள் நாற்காலியைப் பிடியுங்கள், பை என்னிடமே இருக்கட்டும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் தவறில்லை. சுமை தூக்குவோரை அமர்த்தினால் அவரது வில்லை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சோதனை வாயில். 2017 நவம்பரில் தொடங்கப்பெற்ற ஹைதராபாத் மெட்ரோவின் நிலையங்களில் மின்தூக்கிகள் உள்ளன. நாற்காலியில் செல்வோருக்கு அவை பெருந்துணை. ஆனால் பை எக்ஸ்-ரே இயந்திரத்தின் வழியாகச் செல்ல, ஆள் வேறு வழியாகச் செல்கிறார். நாற்காலியும் காலிப்பரும் உலோகமாயின், கருவி ஒலிப்பது உறுதி. கையால் சோதிக்க நேரமாகும். அதற்குள் பை மறுமுனையில் தனியே கிடக்கும். உடன் வருபவர் இருந்தால் அவரை முதலில் அனுப்புதல் முறை. தனியே வந்தவர், தம்மைச் சோதிக்கும் முறை வரும்வரை பையை இயந்திரத்தில் விடலாகாது. அதனைத் தம் கண்ணெதிரே வைத்திருக்குமாறு காவலரைக் கேட்டுக்கொள்ளலாம். அமீர்ப்பேட்டையில் வண்டி மாறும்போது கூட்டம் மிகுதி; அங்கே இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவதும் ஒரு பாதுகாப்பே.

மருத்துவமனை முடிந்து ஊர் பார்க்கச் செல்வோருக்கும் ஒரு சொல். சார்மினாரின் மேல்தளத்திற்கு வளைந்து செல்லும் குறுகிய படிக்கட்டே வழி. உறவினர் மேலே ஏற, அனைவருடைய பைகளும் கீழே நாற்காலியில் இருப்பவர் மடியில் குவிவது வழக்கம். கூட்டம் நிறைந்த கடைவீதியில் அவரை இவ்வாறு காவற்காரராக்குவது முறையன்று. ஒருவரேனும் அவரோடு நிற்றல் வேண்டும்.

சட்டம் கூறுவது

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 100-வது பிரிவின்படி, பிரயாணி தம் பொறுப்பில் கொண்டு செல்லும் சாமான் தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவோ தவறான நடத்தையோ நிரூபிக்கப்பட்டாலன்றி நிர்வாகம் பொறுப்பாகாது. 2005-இல் ஒரு வியாபாரி தம் இடுப்புவாரில் கட்டியிருந்த ஒரு லட்ச ரூபாயை ரயிலில் பறிகொடுத்தார். நுகர்வோர் மன்றங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2023 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆதலால் காவல் நம்முடையதே என்று கொள்வது நன்று.

களவு நேர்ந்துவிட்டால் காலந்தாழ்த்தலாகாது. ரயிலில் 139 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். வங்கிப் பணம் மோசடியாக எடுக்கப்பட்டால் 1930 என்ற எண் உண்டு. தொலைபேசியின் அடையாள எண்ணை *#06# என்று அழுத்தி முன்பே அறிந்து, வீட்டில் எழுதி வைத்திருந்தால், களவுபோன கருவியை முடக்குவது எளிதாகும்.

கருவியே முதற்செல்வம்

இறுதியாக ஒன்று. பணம் போனால் பிரயாணம் தடைப்படும். கட்டையோ நாற்காலியோ போனால் வாழ்க்கையே தடைப்படும். ஆகவே உடைமைகளின் பட்டியலில் முதலிடம் கருவிக்கே உரியது. அதில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாதவாறு எழுதி, படமெடுத்து, வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். விமானத்தின் சரக்கறைக்கு நாற்காலியை ஒப்படைக்கும்போது, கழன்று விழக்கூடிய மெத்தை, கால்தாங்கி ஆகியவற்றைத் தம்மோடு வைத்துக்கொள்ள இயலுமா எனக் கேட்டறிய வேண்டும்.

பிரயாணி இவ்வளவு கவனமாக இருந்தும், கருவி செய்வோரும் நிலையம் அமைப்போரும் தம் பங்கைச் செய்தாலன்றிப் பயன் முழுமை பெறாது. இருக்கையின் அடியில் பூட்டுடன் கூடிய பையொன்றை நாற்காலியோடு சேர்த்துத் தைப்பதற்குப் புதிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. சோதனை வாயிலில், தாழ்வான மேசை ஒன்றைச் சோதிக்கப்படுபவரின் கண்ணெதிரே அமைப்பதும் அவ்வாறே. தடையற்ற பயணம் மாற்றுத் திறனாளிகளின் உரிமை என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. மூன்று கிலோவை 300 கிராமாக்கிக் காட்டிய நகரத்திற்கு, மடியின் கனத்தையும் வழியின் பயத்தையும் சற்றுக் குறைத்துத் தருவது அரிய செயலாகாது.