வெள்ள ஜலமும் வீட்டின் அடிச்சுவரும்

ஆற்றோரக் கிராமங்களில் வெள்ளம் வடிந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சுவர் இடிந்து விழுவதுண்டு. ஜலம் சூழ்ந்து நின்றபோது அசையாமலிருந்த சுவர், ஜனங்கள் வீடு திரும்பி நிம்மதியாய்ப் படுத்துறங்கும் இரவில் சாய்கிறது. இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொண்டால், சொற்பச் செலவில் வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்ளலாம்.

1924-ம் வருஷம் ஜூலை மாதத்தில் காவிரியும் கொள்ளிடமும் பெருகியபோது கரையோர ஊர்களில் வீடுகள் பல இடிந்தன. 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின்னரும் அபாயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. அணை நிரம்பும் வருஷங்களில் உபரி ஜலம் கொள்ளிடத்தின் வழியே செல்லுகிறது. 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறே நேர்ந்தது.

ஜலம் கெடுக்கும் விதம்

கடைக்கால் முதல் தரைக்கு மேல் மூன்றடி வரையிலுள்ள பாகத்தை அடிச்சுவர் என்று கொள்ளலாம். இதனை ஜலம் மூன்று விதமாகக் கெடுக்கிறது.

முதலாவது, அரிப்பு. ஓடும் ஜலம் சுவரின் மூலைகளில் சுழித்துக் கடைக்காலின் அடிமண்ணைக் கொண்டுபோகிறது.

இரண்டாவது, ஊறல். சுடாத மண்சுவரும் பச்சைக்கல் சுவரும் நனைந்தால் பலமிழந்து குழையும். செங்கல்லும் ஜலத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். அந்த ஜலத்துடன் ஏறும் உப்பு, சுவர் உலரும்போது பூத்துக் காரையை உதிர்க்கும்.

மூன்றாவது, அழுத்தம். ஒரு கன அடி ஜலத்தின் எடை சுமார் 62½ ராத்தல், அதாவது 28 கிலோகிராம். ஒரு பக்கத்தில் மட்டும் மூன்றடி ஜலம் நின்றால், 20 அடி நீளமுள்ள சுவரின்மேல் ஏறக்குறைய 2½ டன் அழுத்தம் உண்டாகும். ஜலம் ஆறடியாக உயர்ந்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். இருபுறமும் ஜலம் சமமாக நின்றால் அழுத்தம் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஜலம் வடிந்ததும் இந்தத் தாங்கல் போய்விடுகிறது; ஆனால் சுவரில் ஊறிய ஈரமும், அடிமண்ணில் ஏற்பட்ட பொந்தும் அப்படியே நிற்கின்றன. வடிந்தபின் சுவர் விழுவதன் ரகசியம் இதுவே.

மழைக்கு முன்

வீடு கட்டுவதற்காகச் சுவரையொட்டி மண் எடுத்த பள்ளத்தை மூடிக் கெட்டிக்க வேண்டும். எருக்குழியும் குளியல் ஜலம் தேங்கும் குழியும் சுவரருகே இருத்தலாகாது. இறவாணத்திலிருந்து சொட்டும் ஜலம் சுவரடியில் வாய்க்கால் தோண்டாதபடி, சுவரைச் சுற்றிலும் 2½ அடி அகலத்திற்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தளம் போடுதல் நலம். அத்தளம் அடிக்கு ஒரு அங்குலம் வீதம் வெளிப்புறமாகச் சரிய வேண்டும்.

புதிதாகக் கட்டுவோர், ஊரில் ஜலம் ஏறிய அதிகபட்ச மட்டத்திற்கு மேல் வரும்வரை சுட்ட செங்கல் அல்லது கருங்கல்லால் கட்டி, அதன்மேல் மண்சுவர் எழுப்பலாம். தரை மட்டத்திற்குச் சற்று மேலே, ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்து முக்கால் அங்குலப் பூச்சு இட்டு, அதன்மேல் தார் பூசினால் ஈரம் மேலே ஏறாது. மதில்களின் அடியில் ஜலம் வடியத் துளைகள் விடுவது அவசியம். 2019-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் பெருமழையில் மதில் ஒன்று வீடுகளின்மேல் சாய்ந்து 17 பேர் மாண்டனர்.

வெள்ளம் வரும்போது

ஜலம் மோதும் மூலைகளில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் மணல் மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். மின்சாரத்தை முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். ஜலம் மூன்றடிக்குமேல் ஏறும் நிலையில் அதை வாசலில் தடுத்து நிறுத்த முயலுவது சுவருக்கே அபாயம். தானியத்தையும் மனிதரையும் கால்நடைகளையும் மேட்டிற்குக் கொண்டுபோய், ஜலத்தை உள்ளே வரவிடுதலே உசிதம்.

வடிந்த பின்

வெளியே ஜலம் உயர்ந்து நிற்கையில் உள்ளே தேங்கியதை அவசரமாக இறைக்கலாகாது. நிலவறையோ தாழ்ந்த கிடங்கோ இருந்தால், வெளி ஜலம் வடிந்தபின் நாளொன்றுக்கு மூன்றிலொரு பங்கு வீதம் இறைப்பது பத்திரம். உள்ளே நுழையுமுன் சுவரின் சாய்வையும் புது வெடிப்பையும் மூலையடியின் பொந்தையும் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். சந்தேகமுள்ள சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுத்து, அதனருகே ஒருவரும் படுக்காதிருத்தல் வேண்டும். பொந்துகளில் கல்லும் சரளையும் இட்டு நன்றாகக் கெட்டிக்க வேண்டும்.

ஊறிய பூச்சைக் கொத்தியெடுத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, சுவரைப் பல வாரங்கள் உலரவிட வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அகற்றலாம். கழுவினால் உப்பு மறுபடியும் சுவருக்குள் செல்லும். அவசரப்பட்டுச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவர் மேலும் கெடும். ஈரத்தை வெளிவிடும் சுண்ணாம்புப் பூச்சே தக்கது.

சங்கம் செய்யக்கூடியவை

வடிகாலைத் தூர் எடுத்தல் ஒரு வீட்டார் செய்துமுடிக்கும் காரியமன்று. ஐப்பசி அடைமழைக்கு முன்னரே அங்கத்தினர் யாவரும் கூடி வடிகாலைச் சுத்தம் செய்து, காலிச் சாக்குகளையும் முட்டு மரங்களையும் சுண்ணாம்பையும் சங்கத்தின் கிடங்கில் சேர்த்துவைக்கலாம். வெள்ளம் ஏறிய மட்டத்தை வருஷத்துடன் சங்கக் கட்டிடத்தின் சுவரில் குறித்துவைத்தால், பின்னால் வீடு கட்டுவோர் அடிச்சுவரை எவ்வளவு உயர்த்த வேண்டுமென்பதை அக்குறியைக் கண்டே தெரிந்துகொள்வர்.