பொம்மைக்கு வீடு கட்டுவோர்

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய பேச்சு நம் இல்லங்களில் எழுகின்றது. மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி, அரசு அலுவல் என நாம் அறிந்த பாதைகளுள் ஒன்றைப் பிள்ளை சொன்னால் நம் மனம் ஆறுதலடைகின்றது. "பொம்மைப் படங்களுக்குக் கலை இயக்குநராக விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டாலோ வீடே திகைத்து நிற்கின்றது. சினந்தோ சிரித்தோ மறுமொழி கூறுமுன், அத்தொழில் யாது, அது மனிதரிடம் எதைக் கேட்கின்றது என அறிந்துகொள்வது பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் நலம் பயக்கும்.

விநாடிக்கு 24 படங்கள்

பொம்மையைக் கையால் சிறிதளவு அசைத்து ஒரு படம் எடுப்பர். மீண்டும் சிறிதளவு அசைத்து மற்றொரு படம் எடுப்பர். இப்படங்களை விநாடிக்கு 24 வீதம் தொடர்ந்து ஓடவிட்டால் பொம்மை உயிர்பெற்று நடப்பதுபோல் தோன்றும். இதுவே 'ஸ்டாப் மோஷன்' எனும் முறை. 90 நிமிடப் படமொன்றில் 1,29,600 படங்கள் உள்ளன. ஒரே நிலையை இருமுறை பதிவுசெய்து உழைப்பைப் பாதியாகக் குறைப்பதும் உண்டு. அப்படியும் ஒருவர் ஒரு வாரம் உழைத்துச் சில விநாடிகளையே முடிப்பார்.

பொம்மை வாழும் வீடு, தெரு, மரம், நாற்காலி, விளக்கு ஆகிய அனைத்தும் ஒரே உலகமாகப் பொருந்தி நிற்கச் செய்வது கலை இயக்குநரின் பணி. பெரிய படங்களில், படத்தின் தோற்றத்தை முதன்மை வடிவமைப்பாளர் வகுப்பார். அதனைத் தச்சர், வண்ணம் பூசுவோர், தையற்கலைஞர் முதலானோரைக் கொண்டு, குறித்த செலவுக்குள்ளும் காலத்துக்குள்ளும் உருவாக்கித் தருபவர் கலை இயக்குநர்.

இதற்குக் கற்பனை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஆறில் ஒரு பங்கு அளவில் அமைத்தால் ஏழடிக் கதவு 14 அங்குலமாகிவிடும். ஆனால் துணியின் நூல் அவ்வாறு சிறுக்காது. சாதாரணத் துணியில் சட்டை தைத்தால், திரையில் அது கோணிப்பை போலத் தோன்றும். பச்சை இலையை வைத்தால் படம் முடியுமுன் வாடிவிடும். பொம்மையை அசைப்பவரின் கை எட்டுமாறு சுவர்கள் கழன்று வரவேண்டும். மீண்டும் பொருத்துகையில் மயிரிழையும் பிசகலாகாது. 2009ஆம் ஆண்டு வெளிவந்த 'கோரலைன்' என்னும் அமெரிக்கப் படத்தில் மரத்துப் பூக்களாகக் காட்சியளித்தவை சோளப்பொரிகளே. பொருளின் விலையைவிட, அதனை உற்றுநோக்கும் கண்ணே இங்கு முதலீடு.

தயங்கிய ஒரு குடும்பம்

பெற்றோரின் தயக்கம் புதியதன்று. செக் நாட்டின் பில்சன் நகரில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் யிர்ஜி ட்ரன்கா. தந்தையார் குழாய் வேலை செய்பவர், தாயார் தையற்காரர். மரத்தில் பொம்மை செதுக்கித் தோழர்க்கு ஆட்டம் காட்டி மகிழ்ந்த அச்சிறுவனின் திறமையைக் கண்டவர், அவனுடைய ஆசிரியரும் பொம்மலாட்டக் கலைஞருமான யோசப் ஸ்குபா. பிராகு நகரின் கலைப்பள்ளிக்கு மகனை அனுப்பக் குடும்பத்தார் முதலில் தயங்கினர். ஆசிரியர் பொறுமையுடன் எடுத்துரைத்து அவர்களை இணங்கவைத்தார்.

அம்மகனே 1947இல் 'ஷ்பாலீச்செக்' எனும் பொம்மைப் படத்தை உலகுக்கு அளித்தார். செக் கிராம மக்களின் ஓராண்டு வாழ்வைக் கூறும் அப்படத்தில் புனித புரோக்கோப்பின் வரலாறும், திருப்பயணமும், பெத்லகேம் காட்சியும் தனித்தனிப் பகுதிகளாக அமைந்துள்ளன. சிறுவர் நூல்களுக்கு அவர் தீட்டிய ஓவியங்களுக்காக 1968இல் ஆன்டர்சன் விருதும் அவரை வந்தடைந்தது.

ட்ரன்காவின் பொம்மைகளுக்கு முகபாவம் மாறுவதில்லை. அதே முகம் ஒளி விழும் பக்கத்தாலும், படம் பிடிக்கும் கோணத்தாலும் ஒருபொழுது துயருறுவதாகவும், மறுபொழுது மகிழ்வதாகவும் நமக்குத் தோன்றுகின்றது. சூழ அமைத்த ஒளியும் நிழலுமே உள்ளத்தைப் பேசவைக்கின்றன. கலை இயக்குநரின் பணிக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் தேவையில்லை. அவர் திரையில் தோன்றுவதில்லை. அவர் அமைத்த சூழலோ பிறரைப் பேசவைக்கின்றது.

1965இல் அவர் எடுத்த இறுதிப் படம் 'கை'. பூந்தொட்டி செய்து வாழ விரும்பும் ஒரு கலைஞனிடம், மாபெரும் கையொன்று தன் உருவத்தையே சிலையாக வடிக்குமாறு வற்புறுத்துகின்றது. பின்னர் அவனைச் சிறைப்படுத்துகின்றது. ட்ரன்கா 1969இல் மறைந்தபின், பொதுவுடைமை அரசு அப்படத்தைத் தடை செய்தது. திறமையை எதற்குப் பணியச் செய்கிறோம் என்னும் கேள்வி, இத்தொழிலில் புகும் இளைஞர் ஒவ்வொருவர்க்கும் உரியது.

நம் விசுவாசத்துக்கு நெருங்கிய கலை

ஆண்டவரின் வாழ்வும் இம்முறையில் படமாகியுள்ளது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'த மிராக்கிள் மேக்கர்' என்னும் படத்தில், தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் காணும் இயேசுவை நாம் காண்கிறோம். அவருடைய வாழ்வு பொம்மைகளைக் கொண்டு மாஸ்கோவில் படமாக்கப்பட்டது. உவமைகளோ வரைபடங்களாக வேல்ஸ் நாட்டில் உருவாயின. நடந்ததையும் சொல்லப்பட்டதையும் கண்ணே பிரித்தறியுமாறு செய்த கலைத்தீர்வு அது.

2022இல் கில்லர்மோ டெல் டோரோவும் மார்க் குஸ்டாஃப்சனும் இயக்கிய 'பினோக்கியோ' படத்தில், மகனை இழந்த தச்சர் கோவிலுக்கெனச் செதுக்கிய பாடுபட்ட சுரூபத்தை மரச்சிறுவன் உற்றுநோக்குகின்றான். மரத்தாலான அவரை எல்லாரும் நேசிக்க, மரத்தாலான தன்னை ஏன் வெறுக்கின்றனர் என்று கேட்கின்றான். அச்சுரூபத்தை வடித்த கரங்களின் உழைப்பின்றி அக்கேள்வி நம் நெஞ்சைத் தொட்டிராது.

1223ஆம் ஆண்டு கிரேச்சியோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்துப் பாலன் பிறப்பை மக்கள் கண்முன் நிறுத்தினார். ஆண்டுதோறும் நம் பங்குகளில் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு குடில் கட்டும் சிறுவர் இக்கலையின் அரிச்சுவடியை ஏற்கெனவே அறிந்தவர்களே.

பெற்றோர் எண்ண வேண்டியவை

மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். இத்தொழிலில் நிலையான ஊதியம் அரிது. ஒரு படத்திற்கென ஒப்பந்தம் செய்வர். படம் முடிந்ததும் வேறு வேலை தேடவேண்டும். பெரிய நிலையங்களும் இங்கிலாந்தின் பிரிஸ்டல், அமெரிக்காவின் போர்ட்லண்டு போன்ற சில நகரங்களிலேயே உள்ளன. ஆகவே ஓவியம், சிற்பம், தச்சு, அளவு வரைபடம் ஆகியவற்றில் உறுதியான பயிற்சி வேண்டும். அது விளம்பரத்திலும், மேடையிலும், திரைப்படத்திலும் சோறு போடும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளும், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

ஆயினும் கல்லூரிக்கு முன்னதாக வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய செருப்புப் பெட்டியில் ஓர் அறை அமைத்து, களிமண் உருவமொன்றை வைத்து, கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, பத்து விநாடிக்கு 120 படங்கள் எடுக்குமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள். சன்னலை மூடாவிடில் நகரும் வெயில் படத்தைக் கெடுக்கும். பெட்டி சற்றே நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நூறாவது படத்தில் பொம்மை சாய்ந்துவிட்ட பிறகும் முகம் சுளிக்காமல் மீண்டும் தொடங்கும் பிள்ளையிடம் ஆசையைவிட ஆழமான ஒன்று இருக்கின்றது. இருபதாவது படத்திலேயே சலித்துப்போகும் பிள்ளை குற்றவாளியன்று. தன் பாதை வேறு என்பதைச் செலவின்றி அறிந்துகொண்டது, அவ்வளவே.

1999ஆம் ஆண்டு கலைஞர்க்கு எழுதிய மடலில், எல்லாரும் கலைஞராக அழைக்கப்படாவிடினும், தம் வாழ்வையே ஒரு கலைப்படைப்பாக உருவாக்கும் பொறுப்பு எல்லார்க்கும் உண்டு எனத் திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் நினைவூட்டினார். பெற்றோரே, பிள்ளையின் விருப்பத்தைத் தடுக்குமுன் சோதித்துப் பாருங்கள். புகழுமுன்னும் சோதித்துப் பாருங்கள். அந்த 120 படங்களும் ஓடும் பத்து விநாடிகளைக் குடும்பமாக அமர்ந்து காணுங்கள். பில்சன் நகரத்துத் தையற்காரத் தாய் தயங்கினார், பின்னர் செவிசாய்த்தார். நம் இல்லங்களுக்கும் அது போதிய வழிகாட்டல்.