கம்பியில்லா வலையமைப்புகளின் செயற்றிறன்: இணைப்பு முறைகள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் அலைபரப்புத் தொழில்நுட்பம் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், நூலகத்திலும் விரிவுரை மண்டபத்திலும் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் வைபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்பு, பொதுவான வளமொன்றினைப் பலர் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்னும் பழைய வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் ஒன்றாகும். கருவிப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட வேகத்துக்கும் பயன்படுத்துவோர் கையில் வந்து சேரும் வேகத்துக்கும் உள்ள இடைவெளியை விளங்கிக்கொள்ளவும் அவ்வினாவே வழிகாட்டுகின்றது.

இதன் வரலாறு ஹவாய்த் தீவுகளிலே தொடங்குகின்றது. 1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ராம்சனும் அவர்தம் சகபாடிகளும் இயக்கிய அலோகா வலையமைப்பில், நிலையங்கள் யாவும் மத்திய கணினிக்கு ஒரே அலைவரிசையிலேயே செய்தி அனுப்பின. வேகம் செக்கனுக்கு 9600 பிற். ஒவ்வொரு நிலையமும் தான் விரும்பிய கணத்திற் பொதியை அனுப்பலாம். இரு பொதிகள் மோதினால் இரண்டும் பழுதாகும். சிறிது நேரங் கழித்து மீண்டும் அனுப்பவேண்டும். தடையற்ற இச்சுதந்திரத்தின் விலை யாது? ஒரு பொதி பழுதின்றிச் சென்றடைய, அதன் நீளத்தைப் போல் இருமடங்கான காலத்துள் வேறெப் பொதியும் புறப்படாதிருத்தல் வேண்டும். எனவே அலைவரிசையின் உச்சப் பயன்பாடு 18.4 சதவீதத்தைத் தாண்டாது. காலத்தைச் சம கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என விதித்ததும் அது 36.8 சதவீதமாயிற்று. ஒழுங்குமுறையின் மாற்றமே பயனை இருமடங்காக்கியது என்பது மனங்கொளத்தக்கது.

1997இல் வெளிவந்த 802.11 நியமம், பேசுமுன் செவிமடுத்தல் என்னும் முறையைக் கைக்கொண்டது. அலைவெளி வெறுமையாயுள்ளதா என ஒவ்வொரு கருவியும் கேட்கும். பின்னர் எழுமாறாகத் தெரிந்த சிறு நேரங் காத்திருந்து அனுப்பும். அனுப்பிக்கொண்டிருக்கையில் மோதலை அறிய வானலையிற் பொதுவாக இயலாதாகையால், பொதி ஒவ்வொன்றுக்கும் பெறுவோர் பற்றுச்சீட்டு அனுப்பவேண்டியுள்ளது. 1999இல் வந்த 802.11பி முறையின் பெயரளவு வேகம் செக்கனுக்கு 11 மெகாபிற். அவ்வேகத்தில் 1500 பைற் கொண்ட பொதி ஏறத்தாழ 1.1 மில்லிசெக்கனிற் சென்றுவிடும். ஆனால் பொதியின் முகவுரையை, மெதுவான கருவிகளும் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதற்காக, 1 மெகாபிற் வேகத்திலேயே சொல்லவேண்டும். அதற்குக் குறுகிய வடிவம் உண்டெனினும் முழுவடிவம் 0.192 மில்லிசெக்கனை விழுங்குகின்றது. காத்திருப்பையும் பற்றுச்சீட்டையும் சேர்த்தால் மொத்தம் 2 மில்லிசெக்கனை நெருங்கும். ஆகவே, தனியொருவரே பயன்படுத்தும்போதும் கிடைப்பது 6 மெகாபிற் அளவே. விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை.

இணைப்பு முறைகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, கருவிகள் யாவும் அணுகற் புள்ளி என்னும் மத்திய நிலையத்தினூடாகவே பேசும் முறை. மற்றது, நடுவர் எவருமின்றி நேருக்கு நேர் பேசும் முறை. பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உள்ள இரு கணினிகள் முதலாவது முறையிற் கோப்பொன்றைப் பரிமாறினால், ஒவ்வொரு பொதியும் இருமுறை வானிற் செல்லவேண்டும். வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நேர்முறையில் இவ்விழப்பு இல்லை. எனினும் மண்டபத்தின் இரு கோடிகளிலும் இருந்து ஒன்றையொன்று கேட்க இயலாத கருவிகளை இணைப்பதற்கு மத்திய நிலையமே உதவும். எது சிறந்தது என்பதை யார் எங்கே அமர்ந்திருக்கின்றார் என்பதே தீர்மானிக்கின்றது.

இனி, எமது கவனத்தைப் பெரிதும் ஈர்த்த விடயத்துக்கு வருவோம். சமிக்ஞை நலிந்தால் 802.11பி கருவி தன் வேகத்தை 5.5, 2, 1 மெகாபிற் எனப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். மண்டபத்தின் முன்வரிசையில் ஒருவர் 11 மெகாபிற் வேகத்திலும் கடைக்கோடியில் ஒருவர் 1 மெகாபிற் வேகத்திலும் இணைந்துள்ளனர் எனக் கொள்வோம். இருவருக்கும் வாய்ப்பு சமம்: ஒருவர் ஒரு பொதி, மற்றவர் ஒரு பொதி. முன்னவரின் பொதி 1.1 மில்லிசெக்கனையும் பின்னவரின் பொதி 12 மில்லிசெக்கனையும் எடுக்கும். மேற்செலவை விடுத்துக் கணக்கிட்டாலும் 13.1 மில்லிசெக்கனுக்கு ஆளுக்கொரு பொதியே செல்கின்றது. அதாவது இருவர்க்கும் 0.92 மெகாபிற், பதினொன்று ஒன்றாகிவிடுகின்றது. 2003இல் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர் இதனை ஆராய்ந்து வெளியிட்டபோது 'செயற்றிறன் முரண்' எனப் பெயரிட்டனர்.

பரிகாரமாகச் சொல்லப்பட்டது, வாய்ப்பைச் சமமாக்காது வான்நேரத்தைச் சமமாக்குதல். அவ்வாறு செய்யின் முன்னவர் 5.5 மெகாபிற் பெறுவார், பின்னவர் 0.5 பெறுவார். மொத்தம் 1.83இலிருந்து 6 ஆக உயர்கின்றது. இதனை 'நேர்மை' எனவே பொறியியல் நூல்கள் அழைக்கின்றன. ஆயின் பின்னவர் முன்பு பெற்றதிற் பாதியளவை இழந்துள்ளார் என்பதை அம்மொத்தத் தொகை மறைத்துவிடுகின்றது. பெரும்பாலும் அவர் பழைய கருவியை வைத்திருப்பவர், அல்லது தொலைவில் இடங் கிடைத்தவர். சமமற்றோரைச் சம அளவுகோலால் அளத்தல் பற்றி, 1875இல் எழுதிய கோதா வேலைத்திட்ட விமர்சனத்தில் மார்க்ஸ் விவாதித்தமை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. பொதிகளின் ஒழுக்கத்தைச் சமூகத்தின் மீது இயந்திரப் பாங்காகப் பொருத்துவது எமது நோக்கமன்று. 'செயற்றிறன்' எனும் சொல் யாருடைய செயற்றிறனைக் குறிக்கின்றது எனக் கேட்பது மட்டும் அவசியம். பின்னவரின் இழப்பைத் தவிர்க்க வேறு வழியும் உண்டு: கடைக்கோடியருகே இன்னோர் அணுகற் புள்ளியை வேறு அலைவரிசையில் அமைத்தல். அதற்குச் செலவாகும், ஆகவே பெரும்பாலும் அது இறுதியிலேயே பேசப்படுகின்றது.

2.4, 5 கிகாஹேர்ட்ஸ் பட்டைகளின் வேறுபாடு யாவரும் அறிந்ததே: முன்னையது சுவரை ஊடறுத்துத் தொலைவு செல்லும், ஆயினும் நெரிசல் மிக்கது; பின்னையதில் இடம் அதிகம், எட்டும் தூரம் குறைவு.

2021இல் அங்கீகரிக்கப்பட்ட 802.11ஏஎக்ஸ் நியமம், எவர் எப்போது எத்துணை அகலமான அலைக்கூற்றிற் பேசலாம் என மத்திய நிலையமே பகிர்ந்தளிக்க வழிசெய்கின்றது. பகிர்வுக்கான விதியை நியமம் வரையறுக்கவில்லை. அது கருவியை உற்பத்தி செய்யும் நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளது.