ஃபோர்டு போட்ட ஒரு கையெழுத்து

அமெரிக்க அரசியல் என்றால் இன்றைய அதிபரில் தொடங்கி அவரிலேயே பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால், அங்கு இப்போது நடக்கும் மன்னிப்புச் சர்ச்சை புரிய வேண்டுமானால் 1974ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய அதிபர் ரிச்சர்ட் நிக்சன், அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி பதவி விலகினார். துணையதிபர் ஜெரல்ட் ஃபோர்டு அதிபரானார். செப்டம்பர் 8ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிக்சனுக்கு முழு மன்னிப்பு அளிப்பதாக அவர் அறிவித்தார். நிக்சன் மீது அதுவரை குற்றம் சாட்டப்படவே இல்லை! 1969 ஜனவரி 20 முதல் 1974 ஆகஸ்டு 9 வரை அவர் செய்த, செய்திருக்கக்கூடிய எல்லா மத்தியக் குற்றங்களுக்கும் அந்த மன்னிப்பு பொருந்தும்.

ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளரே பதவியைத் துறந்தார். மக்கள் ஆதரவு சரிந்தது. 1976 தேர்தலில் ஃபோர்டு தோற்றார். நாட்டின் காயம் ஆறவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். 2001இல் இதே முடிவுக்காக அவருக்குத் துணிச்சல் விருது வழங்கப்பட்டது. அன்று கண்டித்த எட்வர்ட் கென்னடியே மனம் மாறிப் பாராட்டினார்.

பாராட்டலாம். ஆனால், முன்னாள் அதிபர் மீது வழக்குத் தொடுக்க முடியுமா என்ற கேள்வி நீதிமன்றத்திற்கு வராமலே போனது. 2023இல் டோனல்ட் டிரம்ப் மீது குற்றம் சாட்டப்பட்ட பிறகுதான் அது எழுந்தது. அதிபர்களுக்கு விலக்கு உண்டென்றால் நிக்சனுக்கு மன்னிப்பு எதற்கு என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஒலித்தது. இருப்பினும் 2024 ஜூலை 1ஆம் தேதி, பதவி சார்ந்த செயல்களுக்குப் பெரும் பாதுகாப்பு உண்டென 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

மன்னிப்பின் வடிவமும் அப்படியே தொடர்கிறது. 2024 டிசம்பரில் ஜோ பைடன் தம் மகன் ஹன்டருக்கு, 2014 ஜனவரி முதல் கிட்டத்தட்ட 11 ஆண்டுகளுக்குச் சேர்த்து மன்னிப்பு வழங்கினார். 2025 ஜனவரி 20ஆம் தேதி, குற்றமே சாட்டப்படாத பலருக்கும் முன்கூட்டியே அளித்தார். அதே நாளில் பதவியேற்ற டிரம்ப், நாடாளுமன்றக் கலவர வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேரை மன்னித்தார். தன் கட்சிக்காரர் செய்தால் கருணை, மற்றவர் செய்தால் அநியாயம் என்று இரு தரப்பும் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம்.

இந்த அதிகாரத்திற்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. அதனை மாற்ற அரசியலமைப்பையே திருத்தவேண்டும். 50 மாநிலங்களில் 38 மாநிலங்கள் இணங்கவேண்டும். 1974லேயே செனட்டர் வால்டர் மோண்டேல் அப்படியொரு திருத்தத்தை முன்வைத்தார். அது நிறைவேறவில்லை.