முதலில் கீரையும் கத்தரிக்காயும்

இயற்கை முறையில் விளைந்தது, உள்ளூரில் விளைந்தது: இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் காய்க்கும் மருந்து அடித்திருக்கலாம். இயற்கை முறையில் விளைந்த இமாச்சல் ஆப்பிள் நாட்கணக்கில் லாரியில் வந்திருக்கலாம். இரண்டின் நன்மையும் வேறு வேறு. அது தெரிந்தால், கணக்குப் பார்த்துக் காய் வாங்கும் வீட்டில் காசை எதற்குக் கூடுதலாகக் கொடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

கத்தரியைப் பாருங்கள். தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் அதற்குப் பெரிய எதிரி. காய்க்குள் போய்விட்ட புழுவை மேலே அடிக்கும் மருந்து எட்டாது. அதனால் உள்ளே போவதற்குள் கொன்றுவிட வேண்டும் என்று திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியில் போட்டிருக்கும். கத்தரியைச் சில நாளுக்கு ஒருமுறையும் வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாளும் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். அப்புறம் எங்கே காத்திருப்பது? சிறுகீரையை விதைத்த 25 நாளிலேயே பிடுங்கிவிடுகிறார்கள். அடித்ததெல்லாம் நாம் தின்னும் இலையில்தான் விழுகிறது, உரித்துப் போடத் தோலும் கிடையாது. கறிவேப்பிலை, கொத்தமல்லியும் இதே கதைதான். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தோலே ஓரளவு காப்பு. ஆகவே கையில் பணம் கொஞ்சம்தான் என்றால், இயற்கை விளைச்சலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதை முதலில் கீரைக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் கொடுங்கள்.

அதே புழுவுக்கு இயற்கை விவசாயி என்ன செய்கிறார்? 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராகக் கலக்குகிறார். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலத்தில் தெளிக்கிறார். வாடித் தொங்கும் நுனிகளைக் கிள்ளி எடுத்து அழிக்கிறார். எல்லாமே ஆள் இறங்கிச் செய்யும் வேலை. விலை கூடுவதில் பெரும்பங்கு இந்த உழைப்புக்கே போகிறது.

இயற்கைக் காயில் சத்து பல மடங்கு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சத்தில் பெரிய வேறுபாட்டுக்கு உறுதியான சான்று இல்லை, ஆனால் பூச்சிமருந்து எச்சம் குறைவு என்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது தெளிப்பவரின் உயிர். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் விஷமேறி இறந்தார்கள். நம் தட்டுக்கு வரும் எச்சம் துளி. முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து நடக்கிறவர் சுவாசிப்பது அதைப்போல எத்தனையோ மடங்கு.

உள்ளூர் விளைச்சலின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பறித்த கீரையை வெக்கையில் வைத்தால் வைட்டமின் சி மளமளவென்று குறையும். விடியற்காலையில் பிடுங்கிய கட்டு மதியம் குழம்பில் சேர்ந்தால் அந்த இழப்பு குறைவு. பணமும் நேராக விளைவித்தவர் கைக்குப் போகும். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தையின் நோக்கமே அதுதான்: இடையில் தரகர் இல்லை, கமிஷன் இல்லை. ஆனால் உழவர் சந்தைக் காய் எல்லாமே மருந்தில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள்.

இயற்கை விளைபொருள் என்று கடையில் விற்கும் பொட்டலத்தில் அதற்கான அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், சான்றிதழ் கட்டாயமில்லை. அவரிடம் முத்திரையைத் தேடாமல், “கத்தரியில புழு வந்தா என்னண்ணே அடிப்பீங்க?” என்று கேளுங்கள். நிஜமாகவே இயற்கை முறையில் செய்கிறவர் வேப்பங்கொட்டையில் தொடங்கி விலாவாரியாகச் சொல்வார். புழுவே வராது என்கிறவரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.