மச்சானின் 'ன்' எங்கே போனது?

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஏதாவது ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். "மச்சா, தே தாரிக் சாத்து!" என்று ஒரு குரல் கேட்கும்; ஆற்றிய தேநீர் ஒன்று வேண்டுமாம். குரல் கொடுத்தவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராகவும் இருக்கலாம். தேநீர் ஆற்றுகிறவர் அவருக்கு எந்த வழியிலும் உறவில்லை.

மச்சான்தான் சுருங்கி மச்சா ஆனது. 'வைத்து' பேச்சில் 'வச்சு' ஆனதுபோல மைத்துனன் மச்சினன் ஆனான். மச்சானும் அந்தக் குடும்பத்துச் சொல். மனைவியின் உடன்பிறந்தவன், அக்காள் புருஷன், மாமன் மகன், அத்தை மகன் எல்லாரும் மச்சான். மாமாக் என்ற பெயரே மாமாவிலிருந்து வந்தது என்பார்கள். மாமன் கடையில் மச்சான் நிற்பதும் முறைதானே!

சரி, 'ன்' எங்கே? 'வந்தான்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி எழுத்து நாக்கில் படாது, மூக்கில் கரையும். மச்சானும் அப்படித்தான். அந்த மூக்கொலி மலேசியாவில் மற்றவர் காதில் விழவில்லை போலும். மச்சா மட்டும் நின்றது. சிங்களவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. அவர்கள் நண்பனை 'மச்சங்' என்கிறார்கள். பெங்களூரு இளைஞர்களுக்கும் மச்சாதான், சென்னையில் மச்சி.

நண்பனுக்கு எதற்கு இந்த உறவுமுறை? அண்ணன் என்றால் பணிவு வேண்டும், தம்பி என்றால் அதட்டல் வந்துவிடும். மச்சானிடம் இரண்டும் கிடையாது. கேலி பேச உரிமை உண்டு. 'உன் தங்கச்சியைக் கட்டப்போகிறவன்' என்ற குறும்பும் அதற்குள் பதுங்கியிருப்பதால் சிலருக்குச் சுருக்கென்று தைக்கும்.

மலேசியாவில் இந்தச் சொல் எப்படிப் பரவியது? கங்காணிகள் என்ற மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நடந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பெயரைவிட உறவுமுறையே அதிகம் புழங்கியிருக்கும். அங்கிருந்துதான் மச்சான் பட்டணத்துக்கு வந்து இனம் தாண்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இனம் தாண்டும்போது தொனி முக்கியம். பழகியவர் வாயில் மச்சா நெருக்கம். முகம் தெரியாத தமிழரை எல்லாம் ஒருவர் மச்சா என்றால் அதில் இளக்காரமும் கலந்துவிடலாம். பெரியவர்களிடம் அது வேண்டவே வேண்டாம். கடையில் அறிமுகமில்லாதவரைக் கூப்பிட 'அண்ணே' போதும். அதுவும் ஏற்கெனவே மலாய்க்காரர், சீனர் வாயில் 'அனே' ஆகிவிட்டது.